மர்மம் யாருக்கு வசதி?

"அக்கா, அந்த ஃபுட்பால் ப்ளேயர் போன குட்டி விமானம் நடுவானத்துல மாயமாயிடுச்சே, அதுக்கு இன்னும் காரணமே தெரியலையாமே?"

வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான். யூட்டியூபில் பார்த்ததாம். போனை எடுத்துக் காட்டினான். இருட்டுக் கடல், திகில் இசை, 'விலகாத மர்மம்' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. பன்னிரண்டு நிமிடம் ஓடும் அந்தக் காணொளியில் விமானத்தை ஓட்டியவரின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

அன்றைக்கு அவனிடம் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அதில் மர்மம் எதுவும் இல்லை. காரணம் தெரியும். பெயர், தேதி, காகிதத்தோடு தெரியும். மர்மம் என்ற சொல் யாருக்கு வசதியாக இருக்கிறது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

எமிலியானோ சாலா. அர்ஜென்டினாவின் சிற்றூர்க்காரர், வயது 28. அப்பா லாரி ஓட்டுநர். பிரான்சின் நாந்த் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 2019 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி அணி வாங்கியது. விலை 1.5 கோடி பவுண்டு. அந்த அணி அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. பழைய அணித் தோழர்களிடம் விடைபெற நாந்துக்குப் போனார். ஜனவரி 21 இரவு, கார்டிஃபுக்குத் திரும்ப ஒரு சிறிய விமானத்தில் ஏறினார். பைப்பர் மாலிபு, ஒற்றை இன்ஜின், 1984இல் கட்டியது. பயணி ஒருவர், விமானி ஒருவர். ஏறியதும் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். விமானம் உடைந்து விழுந்துவிடும் போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். பிரிட்டன் நேரப்படி இரவு 7.15க்குக் கிளம்பிய விமானம், சுமார் ஒரு மணி நேரத்தில் கெர்ன்சி தீவுக்கு அருகே ரேடாரிலிருந்து மறைந்தது.

ஆங்கிலக் கால்வாயில் தேடினார்கள். மூன்றே நாளில், ஜனவரி 24 அன்று, உயிரோடிருக்க வாய்ப்பில்லை என்று சொல்லித் தேடலை நிறுத்தினார்கள். சாலாவின் சகோதரி அழுதுகொண்டே, நிறுத்தாதீர்கள் என்று கேட்டார். மெஸ்ஸியும் கேட்டார். இணையத்தில் நிதி திரட்டினார்கள். மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. மூழ்கிய கப்பல்களைத் தேடுவதில் பேர்போன டேவிட் மெர்ன்ஸ் என்பவர் அந்தப் பணத்தில் கப்பலோடு வந்தார். பிரிட்டனின் வான்விபத்துப் புலனாய்வுத் துறையும் ஒரு கப்பலை அனுப்பியது. பிப்ரவரி 3 அன்று, தேடத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, சுமார் 68 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. உள்ளே ஓர் உடல். சாலாவின் உடல்.

அதாவது, 'தேட முடியாது' என்பது உண்மை இல்லை. பணமும் குரலும் சேர்ந்தபோது தேட முடிந்தது. கடல் அதே கடல்தான்.

இனி அந்த உடல் சொன்னதைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் சாலாவின் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. ஐம்பதைத் தாண்டினாலே பெரும்பாலும் உயிர் போகும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரிச் சிறு விமானங்களில் குளிருக்கு வெப்பம் தர, இன்ஜின் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றை உள்ளே விடுவார்கள். புகைக்குழாயில் விரிசல் விட்டால் இன்ஜின் புகையும் சேர்ந்து உள்ளே வரும். தலை சுற்றும், தூக்கம் வரும், முடிவெடுக்கும் திறன் போகும். ஓட்டுகிறவருக்கும் அதே காற்றுதான்.

2020 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை இதையெல்லாம் வரிசையாக எழுதியது. விமானியும் வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். மேகத்தைத் தவிர்க்கத் திருப்பியபோது கட்டுப்பாடு போனது. தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி, நடுவானிலேயே விமானம் உடைந்தது. வாயு கசிந்தால் எச்சரிக்கும் கருவி உள்ளே இல்லை. வைத்திருக்க வேண்டும் என்று விதியும் இல்லை.

இது வெறும் இயந்திரக் கோளாறும் இல்லை. அந்தப் பயணமே சட்டத்துக்குப் புறம்பான பயணம். நம்ம ஊரில் ஒயிட் போர்டு வண்டியில் சவாரி ஏற்றுவார்களே, அதையே வானத்தில் செய்தார்கள். ஏற்பாடு செய்தவர் டேவிட் ஹென்டர்சன். அவரிடம் வணிக விமானம் இயக்கும் அனுமதி இல்லை. அன்றைக்குத் தான் ஓட்ட முடியாததால் இன்னொருவரை அனுப்பினார். அவர்தான் டேவிட் இபட்சன், வயது 59. காஸ் இணைப்பு, ஹீட்டர் வேலை பார்க்கும் தொழிலாளி. பகுதி நேரத்தில் விமானம் ஓட்டுவார். அவரிடம் இருந்தது தனியார் விமானி உரிமம். அதை வைத்துக் கூலிக்குப் பயணி ஏற்றக் கூடாது. இரவில் ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை. அந்த வகை விமானத்துக்கான தகுதிச் சான்றும் 2018 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. இவரை இனி ஓட்டவிடாதீர்கள் என்று விமானத்தின் உரிமையாளரே முன்பு சொல்லியிருந்தார். தெரிந்தேதான் ஹென்டர்சன் அனுப்பினார். விமானம் விழுந்த செய்தி தெரிந்ததும் முதலில் அவர் செய்தது என்ன? வாயைத் திறக்காதீர்கள் என்று சம்பந்தப்பட்டவர்களுக்குச் செய்தி அனுப்பியதுதான். அந்தச் செய்திகள் நீதிமன்றத்தில் வெளியே வந்தன. 2021இல் கார்டிஃப் நீதிமன்றம் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. 2022 மார்ச்சில் மரண விசாரணையின் ஜூரி, சாலா வாயுவால் நினைவிழந்த நிலையில், விமானம் விழுந்த காயங்களால் இறந்தார் என்று பதிவு செய்தது.

பாருங்கள். புகைக்குழாயிலிருந்து போன் செய்தி வரைக்கும் ஒவ்வொரு கண்ணியும் வெளியே வந்துவிட்டது. ஏன் வந்தது? பிரிட்டனில் எல்லாச் சாவுக்கும் இப்படி நீதி கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். செத்தவர் 1.5 கோடி பவுண்டு. அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று இரண்டு கிளப்புகளும் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் அடித்துக்கொண்டன. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது.

இதில் சாலாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் உழைக்கும் வீட்டுப் பிள்ளை. செத்த பிறகும் அவரைச் சரக்கு மாதிரி வைத்து, டெலிவரி ஆச்சா ஆகலையா என்று வழக்காடினார்கள். மகன் போன மூன்று மாதத்தில் அப்பாவும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். விலை கொடுத்தார்கள் என்பதற்காக மதிப்புக் கொடுத்தார்கள் என்று ஆகிவிடாது.

ஆனால் இபட்சன் எங்கே?

இன்றைக்கு வரைக்கும் அவர் உடல் கிடைக்கவில்லை. விமானத்தின் உடைந்த பாகங்களையும் மோசமான வானிலை என்று சொல்லிக் கடலடியிலேயே விட்டுவிட்டார்கள். அவரைத் தேடவும் குடும்பத்தார் நிதி திரட்டினார்கள். எம்பாப்பே போன்ற ஆட்டக்காரர்கள் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கதையில் அவருக்கு இரண்டே இடம்தான். ஒன்று, பெயரே இல்லாத 'விமானி'. இல்லையென்றால், 'உரிமம் இல்லாமல் ஓட்டிய ஆள்'. ஒரே விமானம், ஒரே வாயு, ஒரே கடல். ஒருவர் சோகம், இன்னொருவர் தவறு.

அவர் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தகுதி இல்லை என்று தெரிந்தே இன்னோர் உயிரை ஏற்றிக்கொண்டு இரவில் பறந்தார். அது தவறுதான். நான் கேட்பது இதுதான்: அனுப்பியவரின் பொறுப்பையும் போனவரின் பொறுப்பையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? இலாபம் மேலே போனது. ஆபத்து கீழே வந்தது. செத்தவர் பேச மாட்டார் என்பதால் பழியும் கீழேயே நின்றிருக்கும், அந்த போன் செய்திகள் மட்டும் சிக்காமல் போயிருந்தால்.

இந்த இடத்தில் ஒரு தங்கை குறுக்கே கேட்டாள்: "வெள்ளைக்காரங்க விமானத்துக்கும் நமக்கும் என்னக்கா சம்பந்தம்?"

சம்பந்தம் வாயுதான், பாப்பா.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் காலை ஆறு மணியிலிருந்து ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வயதிருக்கும். மடியில் பிள்ளை. முந்தின இரவு ஒரு காண்ட்ராக்டர் போன் செய்து அவள் கணவனைக் கூப்பிட்டிருக்கிறார். செப்டிக் டேங்க் அடைப்பு, ஆயிரம் ரூபாய் தருகிறேன், வா. உள்ளே இறங்கியவன் திரும்பவில்லை. தூக்கப் போன இன்னொருவனும் திரும்பவில்லை. காகிதம் எழுத வந்த காவலரிடம் அவள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அவரு எப்படி சார் செத்தாரு?"

"அதான் சொல்றேனேம்மா, விஷவாயு தாக்கி."

மறுநாள் செய்தித்தாளிலும் அதேதான்: 'விஷவாயு தாக்கி இருவர் பலி'. வாக்கியத்தை நன்றாகப் படியுங்கள். தாக்கியது யார்? வாயு. குற்றவாளி வாயு. அது காற்றோடு போய்விட்டது. இனி யாரைப் பிடிப்பது? கூப்பிட்டவர் இல்லை, இறக்கியவர் இல்லை, வீட்டுக்காரர் இல்லை, நகராட்சி இல்லை. அந்த வழக்கின் காகிதத்தில், எட்டிப் பார்த்தபோது கால் தவறி விழுந்ததாக எழுதியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கால் தவறியதாம்!

'மாயமானது' என்று அங்கே எழுதுவதும் 'விஷவாயு தாக்கி' என்று இங்கே எழுதுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மனிதர்கள் எடுத்த முடிவை இயற்கையின் தலையில் கட்டிவிடுகின்றன.

கழிவுநீர்த் தொட்டியில் மர்மம் ஏதும் உண்டா? ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கே ஊறிக் கிடக்கும். காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் முகரும் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் சாய்வான். ஆக்ஸிஜன் கிடையாது. அதனால்தான் காப்பாற்ற இறங்குகிறவனும் சாகிறான். பாடப்புத்தகத்தில் இருக்கும் வேதியியல் இது. அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஆளே இறங்காமல் உறிஞ்சும் லாரி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ தொட்டியிலோ ஆளை இறக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லாம் இருக்கிறது. இருந்தும் இந்தச் சாவுகளின் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்கும்போதெல்லாம் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிற அதே தமிழ்நாடு.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சமூகவியல் படித்ததற்கே அர்த்தமில்லை. இபட்சனை அந்த இருக்கையில் உட்கார வைத்தது கூலியும் ஆசையும். பிறப்பு இல்லை. அவர் பேரனையும் அதே இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று எந்த ஊரும் சொல்லாது. நம் ஆட்களைத் தொட்டிக்குள் இறக்குவது சாதி. அந்த காண்ட்ராக்டரின் போனில் நூறு நம்பர் இருந்திருக்கும். எந்தத் தெருவுக்குப் போன் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது பாருங்கள், அதுதான் சாதி. அதனால் விமானத்தையும் தொட்டியையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரு சாவுக்கு விளக்கம் தேடும்போது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த விமானம் காட்டுகிறது. நம் சாவுகளுக்கு எவ்வளவு சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள் என்பதைத் தொட்டி காட்டுகிறது.

"நிவாரணம்தான் கொடுக்கிறாங்களே" என்று சிலர் சொல்வார்கள். ஆமாம். 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அது போராடி வாங்கிய உரிமை, ஒரு ரூபாய் குறையாமல் வாங்க வேண்டும். ஆனால் காசோலையைக் கையில் கொடுத்து, 'சமாதானமா போயிடுங்க' என்று வழக்கை மூடும்போது நிவாரணமும் ஒரு மூடி ஆகிவிடுகிறது, தொட்டிக்குப் போடுகிற மூடி மாதிரி.

விளக்கம் எதற்கு? செத்தவர் திரும்பி வரப்போகிறாரா? வரமாட்டார். ஆனால் சாலாவின் ரத்தத்தில் வாயுவைக் கண்டுபிடித்ததால்தான், பயணிகளை ஏற்றும் சிறு பிஸ்டன் இன்ஜின் விமானங்கள் பலவற்றில் வாயுவை எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்று 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் விதி வந்தது. காரணம் காகிதத்தில் ஏறினால்தான் அடுத்த உயிர் தப்பும். நம்மிடம் ஒவ்வொரு சாவும் 'கால் தவறி' என்று முடிவதால், அடுத்த வாரம் பக்கத்து மாவட்டத்தில் இன்னொருவருக்குக் கால் தவறுகிறது.

ஆகவே படிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். அஞ்சலிக் கவிதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு புலனாய்வு அதிகாரி மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்படிச் சாவு நடந்தால் முதலில் கேளுங்கள்: யார் கூப்பிட்டது? எந்த நம்பரிலிருந்து, எத்தனை மணிக்கு? குடும்பத்தின் போனை யாரும் வாங்கிக்கொண்டு போகவிடாதீர்கள். அழைப்பு விவரத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஹென்டர்சனைச் சிறைக்கு அனுப்பியதில் அவர் போனில் இருந்த செய்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் படியுங்கள். சந்தேக மரணம் என்று போட்டு முடித்திருக்கிறார்களா? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு இருக்கிறதா? செத்தவர் பட்டியல் சாதியினர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜே) சேர்த்திருக்கிறார்களா? மனிதக் கழிவு அள்ள வைப்பதை அந்தப் பிரிவு வன்கொடுமை என்றே சொல்கிறது. சேர்க்க மறுக்கும் அதிகாரிக்கு அதே சட்டத்தின் 4ஆவது பிரிவை நினைவுபடுத்துங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கும் அதில் தண்டனை உண்டு.

பிறகு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. 'மூச்சுத்திணறல்' என்ற ஒரு சொல்லோடு திருப்திப்படாதீர்கள். எந்த வாயு, தொட்டியில் அளந்தார்களா, எப்போது அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வேலை உத்தரவு யார் பெயரில் இருக்கிறது, இடம் யாருக்குச் சொந்தம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி' என்று வந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். 'பாதுகாப்பு இல்லாமல் இறக்கப்பட்டதால்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் குற்றவாளி மாறுகிறான்.

அந்தப் பெண்ணுக்கு நிவாரணம் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறது. ஆனால் பிணவறை வாசலில் அவள் கேட்ட கேள்விக்கு அரசின் எந்தக் காகிதமும் இன்னும் பதில் சொல்லவில்லை. 'அவரு எப்படி சார் செத்தாரு?' ஒரு விமானம் விழுந்த காரணத்தை 68 மீட்டர் ஆழத்திலிருந்து கண்டுபிடித்த உலகம் இது. பத்தடி ஆழத் தொட்டிக்குள் நடந்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அது தெரியாமல் இல்லை.

தம்பி, அடுத்த தடவை யாராவது 'மர்மம்' என்று காணொளி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டுக் கேள்: யார் அனுப்பினார்? யார் போனார்? யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது?

ஜெய் பீம்.